நலமா என்று கேட்டேன், இல்லை என்றார்

குளோபாஸா மொழியில் நான் முதலில் மனப்பாடம் செய்த வினா ‘கம் யு ஸென் போன்?’ என்பது. ‘கம்’ என்பது ஆம் அல்லது இல்லை என்று பதில் வேண்டும் வினாக்களைத் தொடங்கிவைக்கும் இடைச்சொல்; ‘யு’ முன்னிலை ஒருமை; ‘ஸென்’ இருத்தலைக் குறிக்கும் வினை; ‘போன்’ என்றால் நல்ல, நலமான. தமிழில் கடைசிச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் வினா ஆகாரத்தை இந்த மொழி வாக்கியத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது என்ற ஒன்றைத் தவிர, நாம் கேட்கும் ‘நலமா?’ என்பதற்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது என்று நினைத்திருந்தேன். ‘நலமா?’ என்று கேட்பவர் ‘நலம்’ என்பதைத் தவிர வேறு பதிலுக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. கேட்டவர் கேட்டாயிற்று, சொன்னவர் சொல்லியாயிற்று என்று அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அப்படித்தான் இந்த வினாவையும் பல வாரங்களாகப் பலரிடம் கேட்டுவந்தேன். ஓர் இரவு, அதற்கு ‘மி நோ ஸென் போன்’ என்று பதில் வந்தது. நான் நலமாக இல்லை என்பது அதன் பொருள். அடுத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமை சொற்கள் போதாததால் மட்டும் வந்ததா, அல்லது எந்த மொழியிலும் எனக்கு அது தெரியாதா என்ற ஐயம் இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

பெயரளவில் கேள்விப்பட்டவர்களுக்காக ஒரு வார்த்தை. குளோபாஸா, ஹெக்டர் ஒர்தேகா என்பவர் உருவாக்கி 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆக்கமொழி. 1887இல் ஸாமென்ஹோஃப் என்பவர் வெளியிட்ட எஸ்பெராண்டோ என்ற ஆக்கமொழியின் சொற்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வேர்களிலிருந்து வந்தவை. குளோபாஸாவோ அரபு, இந்தி, சீனம், சுவாஹிலி, இந்தோனேசியம், துருக்கி, ஸ்பானியம் எனப் பல குடும்பங்களின் மொழிகளிலிருந்து சொற்களைத் திரட்டிக்கொள்கிறது. அதன் பெயரின் பின்பாதியில் இருக்கும் ‘பாஸா’ நமக்குப் பழக்கமான ‘பாஷை’யின் உறவுதான். தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த சமூகம் அதற்கு இல்லை. பேசும் எல்லோரும் கற்றுக்கொண்டு பேசுபவர்கள். இந்த ஒரு செய்தியைத்தான் நான் மேலோட்டமாகத் தெரிந்துவைத்திருந்தேன். அதன் விளைவு என்ன என்பது மேற்சொன்ன அந்தப் பதில் வரும்வரை எனக்கு உறைக்கவில்லை.

வணக்கச் சொற்களைப் பழகுவது கடினமாக இல்லை. உயிரொலிகள் ஐந்துதான், குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும் தொல்லை கிடையாது. சொல் மெய்யில் முடிந்தால் கடைசி உயிரை அழுத்த வேண்டும், உயிரில் முடிந்தால் அதற்கு முந்தைய உயிரை அழுத்த வேண்டும் என்ற ஒரே விதியில் ‘ஸலோம்’ கடைசியிலும் ‘ஷுக்ரா’ முதலிலும் அழுத்தம் பெற்றுவிடுகின்றன. முன்னது முகமன், பின்னது நன்றி. ‘கெதோ ஸென் யுஸு நாமெ?’ என்றால் உன் பெயர் என்ன. ‘மிஸு நாமெ ஸென்’ என்று தொடங்கிப் பெயரைச் சொன்னால் பதிலாகிவிடும். அந்த ‘நாமெ’யில் நம் ‘நாமம்’ ஒலிப்பதைக் கேட்டு நான் சற்று உரிமை கொண்டாடினேன். ஜப்பானியம் பேசுபவரும் ஜெர்மன் பேசுபவரும் அதே சொல்லில் தத்தம் மொழியைக் கேட்டு அதே உரிமையைக் கொண்டாடலாம் என்பது பிறகுதான் தோன்றியது. தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும்போது மட்டும் ஒரு வேடிக்கை: ‘போன்’ என்று எழுதினால் தொலைபேசி நினைவுக்கு வருகிறது. நமது பகரத்துக்கு வல்லொலி, மெல்லொலி என்று இரண்டு வேலை இருப்பதால் வரும் வினை அது. ‘மி ஸென் போன்’ என்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்ததை வீட்டிலுள்ள ஒருவர் படித்துவிட்டு, யாருக்குத் தொலைபேசி வேண்டும் என்று கேட்டார்.

அந்த வாக்கியத்திலேயே இன்னொரு நெருடலும் இருந்தது. ‘போன்’ நலத்தையும் குறிக்கிறது, நன்மையையும் குறிக்கிறது. ஆகவே ‘மி ஸென் போன்’ என்று சொல்லும்போது நான் நலமாக இருக்கிறேன் என்கிறேனா, நான் நல்லவன் என்று எனக்கு நானே சான்றிதழ் தருகிறேனா என்று முதல் சில நாட்கள் கூசினேன். தமிழிலும் நலம், நல்ல, நன்று, நன்றி ஆகிய அனைத்தும் ஒரே அடியிலிருந்து கிளைத்தவைதாம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி வேலைக்குப் பழகிப்போய்விட்டதால், நன்றி சொல்லும்போது நன்மையை நினைப்பவர் எவரும் இல்லை. புதிய மொழியில் அந்தப் பழக்கத்தின் தேய்மானம் இல்லை. எல்லாச் சொற்களும் அச்சில் வார்த்தெடுத்த நாளின் கூர்மையோடு இருக்கின்றன, கையாளும்போது கீறுகின்றன.

யாருடைய முகமன்

இவ்வளவு பழகிய பிறகும் இந்தச் சொற்களைப் பற்றி எனக்கு ஒரு தாழ்வான அபிப்பிராயம் இருந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முகமன் என்பது ஒரு மக்கள் கூட்டம் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் படிமம் என்பது என் கருத்து. ஜார்ஜிய மொழியில் ஒருவரைப் பார்த்ததும் சொல்லும் ‘கமர்ஜோபா’ வெற்றி என்ற சொல்லிலிருந்து வந்தது; எத்தனை போர்களைக் கண்ட மக்கள் அவர்கள் என்பது அந்த ஒற்றைச் சொல்லில் உறைந்திருப்பதாக எனக்குத் தோன்றும். ஸூலு மொழியின் ‘ஸவுபோனா’வைப் பிரித்தால் ‘உன்னைக் காண்கிறோம்’ என்று வரும். விடைபெறும் இலத்தீன்காரர் ‘வாலே’ என்று, வலிமையோடு இரு, நலமாயிரு என்றார். இவற்றோடு ஒப்பிட்டால், ‘ஸலோம்’ என்ற சொல்லை ஒருவர் மேசையில் அமர்ந்து தேர்ந்தெடுத்தார் என்பது அதன் மதிப்பைக் குறைப்பதாகவே நினைத்தேன். அரபு ‘ஸலாம்’, எபிரேய ‘ஷலோம்’ ஆகியவற்றின் சாயலில் அமைந்த சொல் அது; உஸ்பெக்கியரும் தாஜிக்கியரும் தம் மொழிகளில் இதே ‘ஸலோம்’ என்ற வடிவத்தை நாள்தோறும் சொல்கிறார்கள். அவர்கள் வாயில் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு நிற்கிறது. என் வாயில் அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது? ஒரு சொற்பட்டியல்.

இந்தக் கருத்துக்கு அறிஞர் துணையும் தேடிக்கொண்டேன். 1923இல் வெளியான ஒரு கட்டுரையில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, உடல்நலம் விசாரிப்பதும் வானிலையைப் பற்றி ஏதாவது சொல்வதும் செய்தி பரிமாறுவதற்காக நிகழ்வன அல்ல என்று வாதிட்டார். இருவர் எதிரெதிரே வாய்மூடி நிற்கும்போது எழும் இறுக்கத்தைத் தளர்த்தவே இத்தகைய பேச்சு தேவைப்படுகிறது. சொற்களின் பொருள் அங்கே ஏறக்குறைய பொருட்டில்லை. மெலனேசியாவில் ‘எங்கிருந்து வருகிறாய்?’ என்று கேட்பதும் ஐரோப்பியர் ‘இன்று நல்ல நாள்’ என்று சொல்வதும் அவருக்கு ஒன்றுதான். அப்படியானால், பொருள் தேய்ந்து பழக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கும் சொற்கள்தாம் நல்ல முகமன்கள் ஆகும். பொருள் மட்டும் இருந்து பழக்கம் இன்னும் பிறக்காத சொற்கள் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று நான் முடிவுகட்டினேன். இந்தத் தர்க்கத்தின் முதல் பாதி சரியானது என்று இன்றும் நம்புகிறேன்.

‘உயு’ என்று அழைத்த பிழை

பேச்சுப் பயிற்சிக்காக என்னோடு இணையவழி அழைப்பில் சேர்ந்தவர்களில் ஒரு மூத்த பெண்மணி இருந்தார். குரலிலும் இருமலிலும் எழுபது வயதுக்குக் குறையாது என்று கணித்தேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது குளோபாஸா மட்டுமே. அவருடைய தாய்மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது, என்னுடையதில் அவருக்கும் அப்படியே. முதல் அழைப்பிலேயே எனக்கு ஒரு தடை வந்தது. அவரை ‘யு’ என்று சொல்ல நாக்கு எழவில்லை. ‘யு’ என்பது முன்னிலை ஒருமை என்று படித்த கணத்திலேயே என் மனம் அதை ‘நீ’ என்ற பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தது. முன்பின் பார்த்திராத மூத்தவரை நீ என்பதா? குளோபாஸாவில் பதிற்பெயர்களின் பன்மை அழகான ஒரு விதியில் அமைகிறது: சொல்லின் உயிரையே முன்னாலும் ஒருமுறை வைத்துவிட்டால் போதும். ‘மி’ என்றால் நான், ‘இமி’ என்றால் நாம். ‘தெ’ என்றால் அவர், ‘எதெ’ என்றால் அவர்கள். ‘தோ’ என்றால் அது, ‘ஓதோ’ என்றால் அவை. அந்த விதிப்படி ‘யு’வின் பன்மை ‘உயு’. தமிழ் ‘நீங்கள்’ என்பதையும், பிரெஞ்சு ‘வூ’ என்பதையும், ரஷ்ய ‘வி’ என்பதையும் போலப் பன்மையே மரியாதையாகப் பணிபுரியட்டும் என்று முடிவுசெய்து, ‘கம் உயு ஸென் போன்?’ என்று மிகுந்த பணிவோடு கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, திரையில், தலையைத் திருப்பித் தமக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு என்னிடம் ‘கெதெ?’ என்று கேட்டார். யார் என்று பொருள். உங்கள் எல்லோருக்கும் நலமா என்று நான் கேட்டதாக அவருக்குப் பட்டது. அவர் அறையில் இருந்ததோ அவர் ஒருவர்தான். நான் காட்டிய மரியாதை அவர் அறைக்குள் ஒரு கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தை வரவழைத்துவிட்டது. ‘யு’, ‘யு’ என்று அவசரமாகத் திருத்திக்கொண்டேன். அவர் சிரித்தார். ‘ஜி யு?’ என்று திருப்பிக் கேட்டார். அந்த ‘ஜி’யைக் கேட்டதும் இந்தி தெரிந்த என் காது, இவர் எனக்கு மரியாதை கொடுக்கிறார் என்று ஒரு கணம் குளிர்ந்துபோனது, பிறகுதான், குளோபாஸாவில் ‘ஜி’ என்றால் ‘மற்றும்’ என்பது நினைவுக்கு வந்தது. ‘உனக்கு எப்படி?’ என்பதுதான் அவர் கேட்டது. இல்லாத மரியாதையை நான் கொடுக்க முயன்றதும், கொடுக்காத மரியாதையை நான் பெற்றுக்கொண்டதும் ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்தன.

பேச்சு முடிந்த பிறகும் இந்த ‘யு’ என்னை விடவில்லை. எஸ்பெராண்டோவின் ‘வி’ ஒருமை, பன்மை இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படுகிறது, ஆங்கிலமும் அப்படியே. அங்கே ஒருமையில் அழைத்துவிட்டோம் என்ற குற்றவுணர்வுக்கே இடமில்லை. குளோபாஸா எண்ணிக்கையைப் பிரிக்கிறது, ஆனால் எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் அந்தப் பிரிவின் மீது ஏற்றவில்லை. அதில் ‘யு’ என்பது நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ‘எதிரே இருப்பவர், ஒருவர்’ என்பது மட்டுமே. தமிழில் ஒருவரை அழைக்க வாயைத் திறப்பதற்குள் அவர் வயது, உறவு, அறிமுகத்தின் ஆழம் ஆகிய அனைத்தையும் எடைபோட்டு முடித்துவிடுகிறோம். அந்தத் தராசைக் கீழே வைத்துவிட்டு ஒருவரோடு பேசுவது எனக்கு ஆடையில்லாமல் தெருவில் நிற்பது போல் இருந்தது. இது விடுதலை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நான்கைந்து அழைப்புகளில் அந்தக் கூச்சம் தேய்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் என்னை ‘யு’ என்றார், நான் அவரை ‘யு’ என்றேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் இருந்தது. ‘போன் நோச்செ’ என்றால் இனிய இரவு. படிக்கும்போது எளிதாக இருந்தது. ஆனால் அவருக்குப் பகலாக இருக்கும்போது எனக்கு இரவு. இருவரில் எவருடைய வானத்தைப் பார்த்து வாழ்த்துவது? ‘ஸலோம்’ வெயிலையும் இருட்டையும் பார்ப்பதில்லை என்பதால் சந்திப்பின் தொடக்கத்தில் சிக்கல் எழவில்லை. முடிவில் ‘வெதா’ என்று விடைபெற்றுக்கொள்வோம். இந்த ‘வெதா’வைக் கேட்டதும் நம் ‘விடை’ நினைவுக்கு வரும். ஆனால் விடை என்பது ‘விடு’ என்ற நம் சொந்த வினையிலிருந்து பிறந்தது, ‘வெதா’வுக்கும் இந்தி ‘விதா’வுக்கும் பின்னால் இருப்பது பிரிவைக் குறிக்கும் அரபுச் சொல். ஒலியால் மட்டும் உறவினர்கள்.

மூன்றாவது வரி

அந்த இரவுக்கு வருகிறேன். அழைப்பு இணைந்தது. ‘ஸலோம்’ என்றேன், ‘ஸலோம்’ என்றார். குரல் சற்றுத் தாழ்ந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. அன்று பேசுவதற்காகப் புதிதாகச் சில சொற்களைத் தயாரித்து வைத்திருந்தேன், அவற்றுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்ற அவசரத்தில், படிக்கட்டில் முதல் படியைத் தாண்டுவது போல, ‘கம் யு ஸென் போன்?’ என்று கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்துவிட்டேன். ‘நோ’ என்றார் அவர். பிறகு ஒவ்வொரு சொல்லாக, ‘மி நோ ஸென் போன்’ என்றார். பயிற்சி வாக்கியத்தை எதிர்மறையில் சொல்லிப் பார்க்கிறார் என்று எண்ணி நான் புன்னகைத்தேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் முகம் மாறவில்லை. அப்போதுதான் அது பயிற்சி இல்லை என்பது புரிந்தது.

தமிழில் ஒருவர் இப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு எத்தனையோ பிடிமானங்கள் இருந்திருக்கும். ‘ஐயோ’ என்ற ஒரு சொல்லே போதும். அது வினாவும் இல்லை, பதிலும் இல்லை, ஆனாலும் அடுத்தவருடைய சுமையின் ஒரு முனையைக் கைநீட்டித் தாங்கிவிடும். ‘என்ன ஆயிற்று?’ என்பதை எந்தக் குரலில் கேட்க வேண்டும் என்பது சிறுவயதிலிருந்தே தெரியும். குளோபாஸாவில் அந்த நிமிடம் எனக்குக் கிடைத்தது ‘கெஸெபா?’ என்ற சொல் ஒன்றுதான். ஏன் என்று பொருள். காரணம் என்ன என்று விசாரணை அதிகாரி கேட்பது போல அது என் வாயிலிருந்து வந்து விழுந்தது. விழுந்ததும் நானே திடுக்கிட்டேன். ஆனால் அவர் திடுக்கிடவில்லை. அவருக்கும் அது கற்றுக்கொண்ட சொல்தானே. அதில் முரட்டுத்தனம் இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இளம்பருவம் எதுவும் அந்த மொழியில் அவருக்கு இருந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினார்.

அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு எட்டியது. அவருடன் பிறந்தவர் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார். மூன்று இரவுகளாக இவர் தூங்கவில்லை. இன்று தூங்க முயன்றும் முடியாமல், அழைப்புக்கு நேரமாகிவிட்டதே என்று வந்து அமர்ந்திருக்கிறார். இதைச் சொல்ல அவர் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். சொல் கிடைக்காத இடங்களில் நின்றார், அருகிலுள்ள சொல்லை எடுத்துக்கொண்டு மேலே போனார். உடன்பிறந்தவர் என்பதற்கு அவர் சொன்ன சொல் ஆண், பெண் இருவருக்கும் பொது. மூத்தவரா இளையவரா என்பதும் அதில் இல்லை. அதன் பிறகு அந்த ஆளைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் ‘தெ’ என்றே சொன்னார். அவன், அவள், அவர் என்ற பிரிவு அந்தச் சொல்லில் கிடையாது. மருத்துவமனையில் கிடந்தது அண்ணனா, தம்பியா, அக்காவா, தங்கையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தமிழில் இந்தச் செய்தியை எவரும் அப்படிச் சொல்லவே முடியாது. அக்கா என்றோ தம்பி என்றோ வாய் தானாகச் சொல்லிவிடும், அந்தச் சொல்லோடு பாதித் துயரமும் கேட்பவருக்கு வந்து சேர்ந்துவிடும். இடைமறித்து, ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று கேட்க நினைத்தேன். கேட்டிருந்தால் அது எனக்காகக் கேட்டதாக இருந்திருக்கும். என் மொழியின் பெட்டிகளை நிரப்ப எனக்கு வேண்டிய விவரங்கள் அவை. அவர் சொல்லவந்ததற்கு அவை தேவைப்படவில்லை.

அவர் பேசி முடித்தார். இப்போது என் முறை. எல்லாப் பாடங்களும் கைவிட்டுவிடும் இடம் இதுதான். வணக்கம், நலமா, நலம், உன் பெயர் என்ன, நன்றி, சென்று வருக என்று தொடங்கும் எந்த மொழியின் பாடத்தையும் எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வரிகள் அச்சுப் பிசகாமல் இருக்கும். மூன்றாவது வரி எந்தப் பாடத்திலும் இல்லை. ‘ஷுக்ரா’ என்று சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொன்னதற்கு நன்றி என்ற பொருளில். அபத்தமாகப் பட்டது. தவிப்பில், எனக்கு நன்றாகத் தெரிந்த வாக்கியம் ஒன்றைப் பிடித்தேன். கற்கத் தொடங்கியவர் எவரும் எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும் வாக்கியம் அது: ‘மி நோ அஹம்.’ எனக்குப் புரியவில்லை. அதுவரை அவரிடமே அதை நூறு முறையாவது சொல்லியிருப்பேன். இந்த மொழியில் எதிர்மறையை உண்டாக்க வினையின் முன்னால் ‘நோ’ வைத்தால் போதும், எடுத்துவிட்டால் உடன்பாடு. அதற்காக வினையின் வடிவம் மாறுவதில்லை. அந்த ‘நோ’வை எடுத்துவிட்டேன். ‘மி அஹம்’ என்றேன்.

புரிகிறது என்றுதான் அதற்குப் பொருள். அதைச் சொன்னபோது அவர் கதையில் பாதி எனக்குப் புரியவில்லை என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் அவர் தலையசைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ‘ஷுக்ரா’ என்றார். நான் சொல்லத் தயங்கிய சொல்லை அவர் சொன்னார், அதில் அபத்தம் எதுவும் இல்லை. பிறகு நாங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். மலினோவ்ஸ்கி சொன்ன அந்த இறுக்கம், இருவர் வாய்மூடி எதிரெதிரே இருக்கும்போது எழ வேண்டிய அது, எழவே இல்லை.

பிறகு அந்த ‘அஹம்’ என்ற சொல்லைப் பற்றி நிறைய யோசித்தேன். அதன் பின்னணியில் இருப்பது புரிதலைக் குறிக்கும் அரபு வேர். ஆனால் தமிழ்க் காதுக்கு அது வேறொன்றாகத்தான் ஒலிக்கும். உயிர்களுக்கு இடையில் வரும் நமது ககரம் ஹகரம்போல் நெகிழ்வதால், ‘அகம்’ என்பதை நாம் சொல்லும் விதமும் இதுவும் ஏறக்குறைய ஒன்றே. உள்ளம், உள்ளே, வீடு. வடமொழி அறிந்தவர் ‘நான்’ என்று கேட்பார். அவருக்கு ‘மி அஹம்’ என்பது நான் நான் என்று செருக்கோடு மார்தட்டுவது போல இருக்கும். எனக்கோ அன்று இரவு அது அகம் என்றே கேட்டது. இது மொழியியல் இல்லை, வெறும் ஒலி மயக்கம் என்பது எனக்குத் தெரியும். முகமனுக்குப் பின்னால் வரலாறு நிற்க வேண்டும் என்று அடம்பிடித்த நானே, வரலாறே இல்லாத ஒரு சொல்லுக்குப் பின்னால் என் சொந்த ஒலியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அவர் தம் மொழியிலிருந்து எதைக் கொண்டுவந்து நிறுத்தினாரோ.

என் பழைய கருத்து முழுவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். குளோபாஸாவின் முகமன்களுக்குப் பழக்கத்தின் மெத்தை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் மெத்தை இல்லாததன் விளைவை நான் தலைகீழாகக் கணித்திருந்தேன். ‘நலமா?’ என்பது தேய்ந்து தேய்ந்து ஓசையாகிவிட்ட மொழியில், நலமில்லாதவர் நலம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது, கேட்டவரும் தப்பித்துக்கொள்கிறார். அந்த வழி கெட்டது என்று நான் நினைக்கவில்லை. தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவரும் நிஜமாகப் பதில் சொல்லத் தொடங்கினால் எவரும் எங்கும் போய்ச் சேர முடியாது. ஆனால் ‘கம் யு ஸென் போன்?’ என்பது இன்னும் தேயவில்லை. தூக்கமில்லாத மூன்றாம் நாளில், தாய்மொழியல்லாத ஒரு மொழியில், ‘கம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் ஆம் அல்லது இல்லை என்று பதில் தேடும் நிலையில் இருந்த ஒருவருக்கு, அது வினாவாகவே போய்ச் சேர்ந்தது. அவர் தாய்மொழியில் யாராவது அவரிடம் அன்று நலமா என்று கேட்டிருப்பார்கள். அவர்களிடம் நலம் என்றே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இது தொடக்ககாலத்தின் பேறு மட்டும்தானோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. பேசுபவர்கள் பெருகி, ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை அந்த வினாவைக் கேட்டுக் கேட்டு, அதுவும் ஒருநாள் ஓசையாகிவிடும். குளோபாஸா வெற்றி பெற்றால் நிச்சயம் அது நடக்கும். என்னளவிலேயே அது தொடங்கிவிட்டது. வேறு சிலரோடு பேசும்போது இப்போதும் அதைப் பாதி கவனத்தோடு கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தாவுகிறேன். அவரிடம் மட்டும் கேட்டுவிட்டு நிற்கிறேன்.

அன்று அழைப்பை முடிக்கும் நேரம் வந்தபோது, ‘வெதா’ என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு ‘போன் நோச்செ’ என்றார். அவருக்குப் பின்னால் இருந்த சுவரில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. சொல் தடுமாறிவிட்டது போலும் என்று நினைத்தேன். அவர் விரலை நீட்டித் திரையில் என் பக்கத்தைச் சுட்டிக்காட்டினார். என் சன்னலில் தெரிந்த இருட்டை அவர் பார்த்திருக்கிறார். பிறகு, நான் பதில் சொல்வதற்குள், எழுந்துபோய்த் தம் அறையின் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வந்து, இருண்ட அறையில் அமர்ந்து, என்னைப் பார்த்தார். இனியாவது தூங்கப் போகிறார் என்று புரிந்தது. ‘போன் நோச்செ’ என்றேன்.